நகத்துக்குச் சத்து

மேடம், உங்கள் வலது கட்டைவிரல் நகம் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. என் பெயரை நீங்கள் எழுதும்போது கவனித்தேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் பழக்கம். யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குத்தான் போகும். பாத்திரம் விளக்கும் சோப்பில் கை ஊறுவதால் வருவது அது. பயப்பட ஒன்றுமில்லை. விளக்கெண்ணெயை லேசாகச் சூடாக்கி நகக்கண்ணில் தேய்த்துக்கொண்டு படுங்கள். நகம் ஈரமாக இருக்கும்போது வெட்டாதீர்கள். அரத்தை ஒரே பக்கமாக இழுங்கள், முன்னும் பின்னும் ராவினால் நகம் அடுக்கடுக்காகப் பிரியும். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் அந்தப் பிளவு வளர்ந்து நுனிக்கு வந்துவிடும். வெட்டி எறிந்துவிடலாம்.

என் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். நகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் ஒருநாள் அது வெளியே வந்துவிடும், நாம் வெட்டிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை இலக்கியா பிள்ளை பெற்ற அன்றைக்கே இறந்துபோனாள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம் என்றார்கள். அதனால்தான் எங்கள் எல்லோரையும் இங்கே அழைத்திருக்கிறீர்கள். மாமியார்க்காரி வேலை வாங்கி வாங்கியே என் மகளைக் கொன்றுவிட்டாள் என்று என் அம்மா அழகி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மாமியார் உண்ணாமலை, வெளியே பெஞ்சில் இலக்கியாவின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் அவர்தான் மாமியார். நானும் இலக்கியாவும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இதே இலுப்பூரில் ஒரே வீட்டுக்குப் போனவர்கள்.

இன்று இங்கே வரும்போது ஆட்டோவில் அவர் என்னிடம் கேட்டார். "நான் அவள ஒரு சொல்லு கடுமையாச் சொல்லியிருக்கேனா? நீ கூடவே இருந்தவ, நீயே சொல்லு தாயி." நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் நகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் கறம்பக்குடிப் பக்கம். அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் இலக்கியா பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே அப்பா ஞாபகம் வந்து திரும்பி வந்துவிடுவார். அதனால் நான்தான் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். நான் அவளைவிட ஏழு வயது மூத்தவள்.

அங்கே இருந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே அவளுடைய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகமெல்லாம் ஊதா நிறமாக இருந்தது. விரல் நுனி உருண்டு, நகம் கவிழ்த்து வைத்த கரண்டி மாதிரி வளைந்திருந்தது. வீட்டில் நாங்கள் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த கைதான் அது. சிலருக்கு அப்படி அமையும் என்று நினைத்திருந்தோம். டாக்டர் ஏதேதோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"பெரியவங்க யாரும் வரலையா?"

"நான்தாங்க பெரியவ" என்றேன்.

இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்றார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மூடியிருக்க வேண்டுமாம். இப்போது நுரையீரலும் கெட்டுவிட்டதால் மூட முடியாது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் நெடுங்காலம் இருப்பாள். பிள்ளை மட்டும் உண்டாகக் கூடாது, உண்டானால் அவள் பிழைப்பது கஷ்டம் என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன். எனக்கு நன்றாகவே புரிந்தது, மேடம்.

வெளியே வந்தபோது அவள் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். பாதியைக் காகிதத்தில் சுற்றி எனக்கு வைத்திருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"ரத்தம் கம்மியாம். அதான் நகத்துல சத்து எறங்கலயாம்."

"நகத்துல மட்டுந்தானே?"

"நகத்துல மட்டுந்தான்."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாயில் வந்தது. அம்மாவிடமும் அதையே சொன்னேன். ஒரு வாரம் போகட்டும், உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு பரீட்சை முடியட்டும் என்றிருந்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான் அப்போது இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை ரத்தம் ஊறுகிற மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார். இரண்டு தடவை போனோம். அப்புறம் நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்கும் கேள்விக்குப் புதிதாக ஒரு பொய் தேட வேண்டியிருந்தது.

நகத்தில்தான் குறை என்று சொன்ன பிறகு நகத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே. முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், பேரீச்சம்பழம் என்று கொடுத்தேன். தினமும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிடுவேன். எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே அப்படித்தான். திருச்சிக்குப் போய் அழகுக்கலை படித்துவிட்டுக் கறம்பக்குடியில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் போட்டேன். இலக்கியாவின் கைதான் என் முதல் விளம்பரம். வளைந்த நகத்தைப் பாதாம் வடிவத்தில் ராவி, நுனியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் அந்த வளைவே அழகாகிவிடும். மேலே அடர் சிவப்பு பூசினால் ஊதா தெரியாது. உதட்டுக்கும் அதே சிவப்பு. கடைக்கு வரும் பெண்கள் என் கையைப் பார்க்க மாட்டார்கள். "இலக்கியா அக்கா நகம் மாதிரி வேணுங்க" என்பார்கள். அவளும் பெருமையாகக் கையை நீட்டிக் காட்டுவாள்.

நகம் வலுவாகத்தான் வளர்ந்தது, அதில் பொய் இல்லை. உடையாது, உரியாது. மாதம் ஒருமுறை பூச்சை அழித்துப் புதிதாகப் போடுவேன். அழித்த கொஞ்ச நேரத்துக்கு அந்த ஊதா கண்ணில் படும். அந்த நேரத்தில் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓய்வெடுக்கச் சொல்வேன். வெள்ளரிக்காய்த் துண்டு வைத்துவிடுவேன். அது கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்வேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் தோஷம் என்று வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஒரு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து, புடவை எடுக்கப் போகிற அன்று வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் நான்தான் மணப்பெண் அலங்காரம். என்னைவிடச் சின்னப் பெண்களுக்குத் தலையில் பூ வைத்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பந்தியில் சாப்பிடாமல் வந்துவிடுவேன். "ஒனக்கு எப்பத்தா?" என்று யாராவது கேட்பார்கள் என்பதுதான் காரணம்.

அப்போதுதான் இலுப்பூரிலிருந்து உண்ணாமலை அத்தை வீட்டு வரன் வந்தது. இரண்டு பையன்கள். மூத்தவர் அருள்மணி உரக்கடை வைத்திருந்தார், இளையவர் நாகராசு மின்வாரியத்தில் வேலை. அத்தை தன் காலத்தில் ஓரகத்தியோடு சண்டை போட்டே வாழ்க்கையைத் தொலைத்தவர். அதனால் தன் வீட்டுக்கு அக்காள் தங்கையாகத்தான் எடுப்பது, ஒரே மேடையில் இரண்டு தாலி கட்டுவது என்று பிடிவாதமாக இருந்தார். எனக்குத் தோஷம் இருப்பதைச் சொன்னோம். "அட, எம் மூத்தவனுக்கும் அதே தோஷந்தான்" என்று சிரித்தார். தரகரிடம் நான் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், தங்கச்சி கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள், எனக்கு மட்டும் முடிக்கலாமா என்று. ரெண்டும் சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார் அவர்.

பெண் பார்க்க வந்த அன்று காபி கொடுத்த இலக்கியாவின் கையை அத்தை விடவே இல்லை.

"என்னத்தா இது, நகமெல்லாம் இப்புடிச் செக்கச் செவேல்னு இருக்கு. எனக்கும் இது மாதிரி வளத்து விடுவியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலையில்தான் இரண்டு பூச்சுக்கு மேல் மூன்றாவதாக ஒரு பூச்சுப் போட்டிருந்தேன்.

அவர்கள் யாரும் என்னிடம் உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது. எனக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது, மேடம். இதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டு கல்யாணமும் ஒரே மேடையில் நடந்தது. நல்ல குடும்பம். அருள்மணி என்னை ஒருநாளும் கண்கலங்க வைத்தவர் இல்லை. நாகராசு தம்பிக்கு இலக்கியா என்றால் உயிர். அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவளுக்காகவே கீழறையைக் காலி செய்து கொடுத்தார். தண்ணீர் தூக்குவது, துணி அலசுவது, மாவு ஆட்டுவது எல்லாம் நான் செய்துவிடுவேன். அவள் இரைப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது அல்லவா. ஊரில் என்னைத்தான் மெச்சினார்கள். அக்கா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அத்தை அவளைத் துரும்பைக்கூடத் தூக்க விட்டதில்லை. என் அம்மா எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

அவளுக்குப் பிள்ளை உண்டாகக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். புதுக்கோட்டையில் தெரியாத மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கினேன். உறையிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நகத்துக்குச் சத்து மாத்திரை என்று அவளிடம் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒன்று, மேலே தண்ணீர். அவள் ஒருநாளும் விட்டதில்லை. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் போன் வரும். "அக்கா, நகத்து மாத்திரை தீந்துருச்சு, வரும்போது வாங்கிட்டு வந்துரு" என்பாள்.

முதல் வருஷமே எனக்கு மகன் பிறந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தாலே அவளுக்கு இரைக்கும், ஆனாலும் கீழே விட மாட்டாள். கோயிலுக்குப் போனால், கல்யாணத்துக்குப் போனால், விசேஷம் ஏதும் உண்டா என்று பெண்கள் அவளைக் கேட்பார்கள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நம் பக்கத்தில் கேட்காமல் விட மாட்டார்கள். ஒருநாள் கொல்லையில் உட்கார்ந்து அழுதாள்.

"எனக்கு மட்டும் ஏங்க்கா தங்க மாட்டேங்குது? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"சமயபுரத்தாள வேண்டிக்க" என்றேன். நடந்து வருகிறேன் என்று அவள் வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். உனக்குப் பதிலாக நான் நடக்கிறேன் என்று சொல்லி, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நானே நடந்தேன். கால் கொப்புளித்துவிட்டது. திரும்பி வந்ததும் அவள் வெந்நீர் வைத்து என் காலைக் கழுவிவிட்டாள். அன்றைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இதுவரைக்கும் சொன்னதில்கூட, அவள் உயிரைக் காப்பாற்றத்தானே செய்தேன் என்று ஒரு வாதம் எனக்கு இருந்தது. இனிமேல் சொல்லப் போவதற்கு அதுவும் இல்லை.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் முடியும்போது அத்தை திருச்சியில் ஒரு பெரிய டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டார். "புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரையும் தலையிலேருந்து கால் வரைக்கும் செக் பண்ணிருவாகளாம். தை பொறந்ததும் போயிட்டு வந்துருங்க. நான் பேரனப் பாத்துட்டுக் கண்ண மூடணும்" என்றார். நாகராசு தம்பி லீவு சொல்லிவிட்டார். இலக்கியாவுக்கும் போக வேண்டும் என்றுதான் ஆசை.

திருச்சி டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிடும். தஞ்சாவூருக்குப் போனது தெரியும், யார் கூட்டிக்கொண்டு போனது என்று தெரியும். நோயாளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவளை அனுப்பிவிடுவார்கள், கூடவே என்னையும். என் மகன் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தான். நான் திரும்பவும் கறம்பக்குடிக் கடையில் நின்று மற்றவர்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்குள் அவளுக்குக் கரு தங்கிவிட்டால் திருச்சிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பதும் தோன்றியது.

டப்பாவில் இருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கிட்டத்தட்ட அதே அளவில் இருந்த சத்து மாத்திரையை வாங்கிப் போட்டேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிட்டது நிஜமாகவே நகத்துக்குச் சத்துதான்.

திருச்சிக்கான தேதியை என் மகனுக்குக் காய்ச்சல் என்று ஒரு தடவை தள்ளிப்போட்டேன். இரண்டாவது தடவை தள்ள வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அத்தை தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். இலக்கியா என்னைக் கட்டிப்பிடித்து, "நீ நடந்ததுதாங்க்கா பலிச்சுச்சு" என்றாள். அவள் நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்தது. எனக்கு அப்போது பயம் வந்தது என்பதைவிட நிம்மதி வந்தது என்பதுதான் உண்மை. இதைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

டாக்டர் பயமுறுத்தியதாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் பிழைக்கிறார்களே.

இப்போதெல்லாம் கர்ப்பிணிகளைச் சும்மா விட மாட்டார்கள், வீடு தேடி நர்ஸ் வருகிறார். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி மாமியார் வீட்டிலும் இருப்பாள், அம்மா வீட்டிலும் இருப்பாள். அது எனக்கு வசதியாகப் போனது. மசக்கை என்று சொல்லிக் கறம்பக்குடிக்கு அனுப்பினேன். அங்கே கேட்டால் இங்கிட்டு எல்லாம் பார்த்தாயிற்று என்பேன். இங்கே கேட்டால் அங்கிட்டு எடுத்தாயிற்று என்பேன். பிள்ளைக்கு எடுக்கும் ஸ்கேன் மட்டும் தவறாமல் எடுத்தோம். கூடவே நான் போவேன், கேள்விகளுக்கு நானே பதில் சொல்வேன்.

இலுப்பூர்ப் பக்கத்து நர்ஸ் சரண்யா மட்டும் விடவில்லை. இலக்கியாவின் காலில் வீக்கத்தைப் பார்த்தார், உட்கார்ந்திருக்கும்போதே இரைப்பதைப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் ஒரு சின்ன மிஷினை மாட்டிப் பார்க்க வேண்டும், அடுத்த தடவை வரும்போது நெயில் பாலிஷை அழித்துவிட்டு வாருங்கள் என்றார். அழித்துவிட்டுத்தான் போனோம். ஆனால் அதற்கு முந்தின நாள் மருதாணியை அரைத்து, நகத்தை மூடித் தொப்பி தொப்பியாக வைத்துவிட்டிருந்தேன். ஒரு தடவை காய்ந்ததும் எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். நகம் கறுப்புக்குப் பக்கத்தில் சிவந்திருந்தது. பாலிஷ் என்றால் அழிக்கச் சொல்லலாம். வளைகாப்புக்கு நாள் குறித்த பெண்ணின் மருதாணியை யார் அழிக்கச் சொல்வார்கள்? மிஷின் ஏதோ எண் காட்டியது. சரண்யா வேறு வேறு விரலில் மாட்டிப் பார்த்தார். எல்லா விரலிலும் குறைவாகவே காட்டியது.

"மருதாணில சரியாக் காட்டாதாமே" என்றேன் நான்.

அவர் என்னை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். சுகாதார நிலைய வாசலில் ஒரு புங்கமரம் உண்டு. அதன் அடியில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கோ மாமியாருக்கோ தெரிய வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்குச் சின்னதுலேருந்து நெஞ்சுல ஏதாச்சும் கோளாறு இருக்கா? இருந்தாச் சொல்லிருங்க. இப்பச் சொன்னாக்கூடப் பாக்க வேண்டிய எடத்துக்கு அனுப்பி எப்படியாச்சும் காப்பாத்தலாம்."

"அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்லங்க. ரத்தம் கம்மி, அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"இருந்தா சொல்ல மாட்டேனா? என் கூடப் பொறந்தவ" என்றேன்.

எதற்கும் புதுக்கோட்டையில் இதய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், நாளைக்கே போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வளைகாப்பு முடிந்ததும் போகிறோம் என்று வாங்கிக்கொண்டேன். அவர் இரண்டு தடவை போன் செய்தார். போய்விட்டு வந்தோம், நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அவர் மேல் நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள், மேடம். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல், நகமெல்லாம் மருதாணி. இலக்கியா அவ்வளவு அழகாக இருந்தாள். சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விட்டாள். பிள்ளை மேலே ஏறி அழுத்துகிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கடுத்த வாரமே வலி வந்துவிட்டது, எட்டாம் மாதத்தில். ஆம்புலன்சில் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போன கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது, பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது அத்தை நாகராசு தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்து அழுதார்.

பிறகு கதவு திறந்து ஒரு டாக்டர் வேகமாக வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். அத்தை, அம்மா, நாகராசு தம்பி, என் வீட்டுக்காரர்.

"இவங்களுக்கு முன்னாடியே ஹார்ட்ல ஏதாவது ப்ராப்ளம் இருந்துச்சா? தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க. அத வச்சுத்தான் நாங்க மருந்து குடுக்கணும்."

அம்மாதான் முதலில் பேசினார். "அவளுக்கு ரத்தம் கம்மிம்மா. நகத்துல சத்து எறங்கலன்னு தஞ்சாவூர்ல சொன்னாக. வேற ஒண்ணும் இல்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். நாகராசு தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சுகுணா, நீதானே கூட்டிக்கிட்டுப் போன. ஏதாச்சும் சொன்னாகளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே இலக்கியா ஏதோ முனகுவது கேட்டது. ஒரே ஒரு வாக்கியம்தான். தஞ்சாவூர் டாக்டர் சொன்ன சொற்கள் அப்படியே எனக்கு ஞாபகம் இருந்தன. என் வீட்டுக்காரருடைய கை என் தோளில் இருந்தது. அத்தை பேத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க. நல்லாத்தான் இருந்தா" என்றேன்.

டாக்டர் உள்ளே போய்விட்டார். அடுத்த தடவை கதவு திறந்தபோது அவர் அவசரமாக வரவில்லை.

என் தங்கையை நான்தான் கொன்றேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் சேர்த்து எழுத வேண்டும். அந்த டாக்டர் அத்தனை பேர் முன்னால் வைத்துக் கேட்காமல், என்னை ஓரமாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால், நான் கட்டாயம் சொல்லியிருப்பேன்.